கம்பத்தில் ஒரு சீஸ் பஞ்சாயத்து

புதுச்சேரியில் நான் சீஸ் செய்து விற்கிறேன். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் வெள்ளைக்காரர்கள். மீதிப் பேர் வெள்ளைக்காரர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட ஆசைப்படும் நம்மவர்கள். இரண்டு தரப்பிலும் எனக்குப் புகார் கிடையாது, தொழில் நன்றாகவே நடக்கிறது. என் கைக்கு உறையாத பால் இந்தப் பூமியில் இல்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலத்தில்தான் கம்பத்திலிருந்து நிஷா போன் செய்தாள்.

மதுரைக் கல்லூரி விடுதியில் நிஷா என் அறைத்தோழி. முழுப்பெயர் ரஹ்மத் நிஷா. கல்யாணத்துக்குப் பிறகு கம்பத்தில் புருஷனோடு சேர்ந்து பேக்கரி நடத்துகிறாள். பன், முட்டை பப்ஸ், தேங்காய் பிஸ்கட் என்று நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த கடை. திடீரென்று ஊர்ப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றிலும் சீஸ் வேண்டும் என்றாகிவிட்டது. பன்னில் சீஸ், பரோட்டாவில் சீஸ், பொடி இட்லிக்கு மேலேகூட சீஸ். நிஷாவும் துணிந்து ஒரு பீட்சா அடுப்பை வாங்கிப் போட்டாள்.

"கல்யாணி, நான் பிளாஸ்டிக் விக்கிறேனாம்டி" என்றாள் போனில். எடுத்த எடுப்பிலேயே அழுகை.

விஷயம் இதுதான். கம்பத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் ஒருவர், ஊர்ச் செய்திகளை வீடியோவாக எடுத்துப் போடுகிறவர், இவள் கடையில் பீட்சா வாங்கி, மேலே இருந்த சீஸை உரித்து லைட்டர் நெருப்பில் காட்டியிருக்கிறார். அது கறுத்துச் சுருண்டது. "பாத்துக்கங்க மக்களே, பாலுன்னா பொங்கணும். இது பொசுங்குது!" என்று அவர் சொன்னதை ஊரே பார்த்துவிட்டது. நானும் பார்த்தேன். நெருப்பில் காட்டினால் எந்தச் சீஸும் கறுக்கத்தான் செய்யும். என் விரலைக் காட்டினாலும் கறுக்கும். ஆனால் லைட்டர் வைத்திருப்பவரிடம் இதையெல்லாம் யார் போய்ச் சொல்வது?

கடைக்கு ஆள் வரவில்லை. ராயப்பன்பட்டியில் ஸ்டெல்லா டீச்சர், தன் மகன் சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விருந்துக்கு மொத்தமாகச் சொல்லியிருந்த பீட்சாவையும் நிறுத்தி வைத்துவிட்டார். அந்த விருந்துக்கு வருவதில் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும்தான். அங்கே பேர் வாங்கினால் கடை பிழைக்கும். அது போனால் அடுப்பை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் பழையபடி பன்னுக்கே திரும்ப வேண்டியதுதான். "நீ வந்து எல்லார் முன்னாடியும் பால்ல சீஸ் செஞ்சு காட்டு. டீச்சரையும் வரச் சொல்றேன். அதுக்கப்புறம் பேசட்டும்" என்றாள். இதெல்லாம் ஒரு வேலையா என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

தேனியில் பஸ் மாறியதும் "கம்பம் வந்தா எழுப்பிவிடுங்க" என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு ஜன்னலில் சாய்ந்தேன். இரண்டு பக்கமும் மலை, நடுவில் வயலும் வாழையும். காற்று வேறு தாலாட்டியது. கண்ணை விழித்தபோது குளிர் அடித்தது, பஸ் வளைந்து வளைந்து ஏறிக்கொண்டிருந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "மறந்தே போச்சுங்க. குமுளி வந்துருச்சு. அங்கன இறங்கி ஒரு டீயைக் குடிச்சிட்டு அடுத்த வண்டியில திரும்பிருங்க." திட்ட வாயெடுத்தேன். அதற்குள் அவர் என் பையைக் கையில் எடுத்துக்கொண்டு இறக்கிவிடத் தயாராக நின்றார்.

குமுளியில் தூறல். கடைப் பலகைகளெல்லாம் மலையாளத்துக்கு மாறியிருந்தன. நான் நனைந்துகொண்டே போய் ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். பக்கத்து மேசையில் கொச்சிக்காரத் தம்பதி மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். "கீழேயிருந்து வரும் காய் முழுக்க மருந்துதான்" என்றார் கணவர். "ஆமாம். ஆனால் அது ஒரு நாள் வராவிட்டால் நம் வீட்டில் சாம்பார் கிடையாது" என்றாள் மனைவி. எனக்குச் சிரிப்பு வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் இந்தப் பக்கம் விளைவதைச் சந்தேகப்படுகிறார். இந்தப் பக்கம் இருப்பவர் பக்கத்துத் தெரு பேக்கரியைச் சந்தேகப்படுகிறார். யாரும் எதையும் சாப்பிடாமலும் இருப்பதில்லை.

அடுத்த பஸ் நிரம்பி வழிந்தது. ஏலக்காய்த் தோட்டத்து வேலை முடிந்து கம்பம் திரும்பும் பெண்களின் ஜீப் ஒன்றில் இடம் கேட்டேன். "ஏறுத்தா, மடியில உக்காந்தாலும் கொண்டுபோய் விட்டுருவோம்" என்றாள் ஒருத்தி. சொன்னபடியே பாதி மடியில்தான் உட்கார்ந்து வந்தேன். சீஸ் செய்ய வந்திருக்கிறேன் என்றதும் ஜீப்பே கலகலத்தது.

"அந்த ஜவ்வு மாதிரி இழுக்குமே, அதா?"

"அதேதான்."

"எம் மகன் அத வாயில வைக்கிறதுக்கு முன்னாடி போன எடுத்துருவான். இழு, இழுன்னு ஒருத்தன் இழுக்க, ஒருத்தன் படம் பிடிப்பான். ஆறிப் போனதுக்குப் பெறகுதான் திம்பாங்கெ."

சீஸின் இன்றைய நிலைமையை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. எங்கள் காலத்தில் சீஸ் என்றால் கார்ட்டூனில் எலி துரத்தும் மஞ்சள் முக்கோணம், அதில் நாலைந்து ஓட்டை. போட்டோ எடுக்கும்போது வாய் திறந்து சொல்லும் ஒரு சொல். ருசி என்று ஒன்று அதற்கு உண்டா என்று யாரும் யோசித்ததில்லை. இப்போது அது எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதே கேள்வி. இப்பொழுதும் ருசியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நிஷா வீட்டில் இடியாப்பமும் கறிச் சால்னாவும் காத்திருந்தன. அவள் கணவர் காதர், மாவு பிசையும் கை, பேசாத வாய். "வாங்க" என்றார். சாப்பிட்டு முடித்ததும் "இன்னும் வைக்கட்டா" என்றார். அவ்வளவுதான் அன்றைய பேச்சு. புதுச்சேரியில் என் வாடிக்கையாளர்கள் ஒரு துண்டு சீஸை வாயில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் அதைப் பற்றிப் பேசுவார்கள். சால்னாவைத் தொட்டுக்கொண்டே, பேசாமல் சாப்பிடுவதும் நாகரிகம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மூக்கு முழுக்க அடைத்திருந்தது, குமுளித் தூறலின் கைங்கரியம். கைக்குட்டையோடு கடைக்குப் போனேன். குளிர்ப்பெட்டியைத் திறந்து அவள் வாங்கும் சீஸ் பாக்கெட்டை எடுத்தேன். முன்பக்கம் ஒரு பசுவும் பச்சைப் புல்வெளியும். பின்பக்கம், கண்ணாடி போட்டால் மட்டும் தெரியும் எழுத்தில், என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று இருந்தது. முதலில் தண்ணீர். அடுத்தது பாமாயில். பிறகு மாவுச்சத்து. பால் எங்கே என்று தேடிக்கொண்டே போனால், கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் பால்பொடி எட்டிப் பார்த்தது.

"நிஷா, இது சீஸே இல்லடி. சீஸ் மாதிரி செஞ்ச எண்ணெய்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "மதுரையில இருந்து வர்ற ஏஜெண்டு ஓட்டல் சீஸுன்னுதான் குடுத்தாரு. எல்லாக் கடையும் இததான் வாங்குறாக. நல்லா இழுக்குதுன்னு பிள்ளைக சொன்னதால நானும் பின்னாடி திருப்பிப் பாக்கல."

"பிளாஸ்டிக் இல்ல. தின்னா செத்துட மாட்டாங்க. ஆனா பாலும் இல்ல."

"அப்ப அந்தாளு சொன்னது பாதி நெசமா?"

"பாதிகூட இல்ல, கால். ஆனா இத நீ இப்ப வெளிய சொல்லாத. நாளைக்கு முதல்ல நல்ல சீஸைச் செஞ்சு காட்டுவோம். பேர் திரும்பட்டும். அப்புறம் சத்தமில்லாம பாக்கெட்டை மாத்திடு" என்றேன். வியாபாரத்தில் நாலு பேரைப் பார்த்தவள் என்ற தோரணையில்தான் சொன்னேன். நிஷா பாக்கெட்டை வாங்கி, பசு படம் தெரியாதபடி கவிழ்த்து வைத்தாள்.

பாலுக்காக இருவரும் ஓடைப்பட்டிக்குப் போனோம். நிஷாவுக்கு வெண்ணெய் கொடுக்கும் ஈஸ்வரியக்கா அங்கேதான் இருக்கிறார். சின்னமனூரில் ஏறிய பஸ் வழியில் ஆட்டு மந்தைக்காக நின்றது, பிறகு டிரைவரின் மச்சானுக்காக நின்றது, அதற்கப்புறம் டயரில் காற்றில்லாமல் தானாகவே நின்றுவிட்டது. கடைசித் தூரத்தைத் திராட்சைப் பந்தல்களின் ஓரமாக நடந்தோம். பந்தலுக்குள்ளிருந்து குனிந்தபடியே ஒருவர் ஒரு கொத்தை நீட்டினார். பன்னீர் திராட்சை, தோல் புளிப்பு, உள்ளே சர்க்கரை. பிரான்சில் ஒரு மலையூரில் நான் சீஸ் கற்றுக்கொள்ளப் போயிருந்தபோது, திராட்சைத் தோட்டத்துக்குள் கால் வைத்ததற்கு ஒரு கிழவர் நாயை ஏவிவிட்டார். இங்கே கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள்.

ஈஸ்வரியக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். கொட்டகையில் கறவை மாடுகள் மினுமினுவென்று நின்றன. மாட்டைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார். "நாளைக்கு ஊர் முன்னாடி செஞ்சு காட்டப் போறோம்க்கா. நெறையப் பேர் சாப்பிடுவாங்க. பால் சுத்தமா, பத்திரமா வந்து சேரணும்" என்றேன்.

"அதப் பத்தி நீ ரோசிக்கவே ரோசிக்காத. எம் பொறுப்பு. நானே தூக்கிட்டு வாரேன்" என்றார்.

சொன்ன நேரத்துக்கு வந்தும் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை, கடை வாசலில் பந்தல் துணி கட்டி, மேசை போட்டு, கேஸ் அடுப்பு வைத்திருந்தோம். ஊரில் வேறு விசேஷம் இல்லைபோலும், நல்ல கூட்டம். லைட்டர் வீடியோ எடுத்த அந்தச் சேனல்காரர் போனைக் கம்பியில் மாட்டி நேரலையில் நின்றார். முன்வரிசை நாற்காலியில் ஸ்டெல்லா டீச்சர், மடியில் கைப்பை, சிரிக்காத முகம். ஈஸ்வரியக்கா புதுச்சேலை கட்டி, பால் கேனை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்திலேயே பெருமையாக நின்றுகொண்டார். பஸ்ஸில் கேனுக்கு லக்கேஜ் டிக்கெட் போட வேண்டும் என்ற கண்டக்டரிடம் சண்டை பிடித்து ஜெயித்த கதையை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலில் ரென்னட் பாட்டிலைக் காட்டினேன். பாலை உறைய வைக்கும் மருந்து இது என்றேன். உடனே ஒரு தாடிக்காரப் பெரியவர் கேட்டார்: "அது கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்குறதாமே? ஹலாலா?" நெற்றியில் பட்டை போட்ட ஒருவர் அதையே வேறு கவலையோடு கேட்டார்: "நாங்க சைவம். சாப்புடலாமா?" அந்தக் காலத்தில் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்தார்கள், பல நாடுகளில் இன்றும் எடுக்கிறார்கள், இது ஒருவகைப் பூஞ்சையிலிருந்து எடுத்தது என்று விளக்கினேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். பாட்டில் கைமாறிக் கைமாறிக் கூட்டம் முழுக்கப் போய்த் திரும்பியது. எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது.

பாலை வெதுவெதுப்பாக்கி, புளிப்புக்காக எலுமிச்சை உப்பு கரைத்து ஊற்றி, ரென்னட் சேர்த்து மூடினேன். "இப்ப பாருங்க, அல்வா மாதிரி கட்டியா நிக்கும். கத்தி போட்டு வெட்டலாம்" என்று அறிவித்தேன். கூட்டம் காத்திருந்தது. மூடியைத் திறந்தேன். பால் பாலாகவே இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் என்றேன். மறுபடி திறந்தபோது, கைக்குழந்தை கக்கியது போலத் துணுக்குத் துணுக்காகத் திரிந்து மிதந்தது. கத்தியை விட்டால் கத்திதான் மூழ்கியது.

என் வாழ்க்கையில் அவ்வளவு வியர்த்ததில்லை. கூட்டத்தில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும். சேனல்காரர் போனைப் பாத்திரத்துக்கு மேலே பிடித்தார். "நேரலையில பாக்குறீக மக்களே. பால்ல சீஸ் வராதாம். அப்ப கடையில விக்கிறது எதுலருந்து வந்துச்சு?"

"தண்ணிப் பாலா இருக்கும்ப்பா" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அவ்வளவுதான், ஈஸ்வரியக்கா சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். "எவன்டா அவன்? எம் பால்ல சொட்டுத் தண்ணி இருந்துச்சுன்னு நிரூபிச்சிரு பாப்போம்! விடிய முன்னாடி கறந்து, பெரிய பானையில ஊத்தி, நல்லா மூணு பொங்கு பொங்க விட்டு, ஆத்தி, ஆடைய வடிச்சு, துணியக் கட்டி, மடியில வச்சுத் தூக்கியாந்துருக்கேன். தண்ணிப் பாலாம்ல!"

எனக்குக் காது அடைத்துவிட்டது. மூக்கு ஏற்கெனவே அடைத்திருந்தது, இல்லாவிட்டால் கேனைத் திறந்ததுமே காய்ச்சிய வாசனை பிடிபட்டிருக்கும். காய்ச்சிய பாலில் ரென்னட் சரியாக வேலை செய்யாது. சீஸ் செய்யும் எவருக்கும் அது பாலபாடம். அதனாலேயே எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. பிரான்சில் அந்த மலையூர்க்காரர்களிடம் பாலைச் சூடாக்கு என்று சட்டம் போட்டால் கொடி பிடிப்பார்கள். பச்சைப் பால் அவர்களுக்கு உரிமைப் பிரச்சினை. நம் ஊரில் பாலைக் காய்ச்சாமல் ஒருவர் வாயில் வைக்கக் கொடுத்தால் அது பெரிய தப்பு. சுத்தமா, பத்திரமா என்று நான் சொன்னதற்கு அந்த வீட்டில் வேறு அர்த்தமே கிடையாது.

"காய்ச்சின பால்ல வராதுங்க, பச்சைப் பால் வேணும்" என்று நான் கத்தினேன். சிரிப்புச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. விழுந்தவர்களும் இது நல்ல சாக்கு என்றார்கள்.

அப்போது நிஷா கடைக்குள் போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் திரும்பி வந்தபோது கையில் அந்தப் பாக்கெட் இருந்தது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, சேனல்காரரின் போனுக்கு நேராக அதைப் பிடித்தாள். பின்பக்கத்தை.

"இதுதான் என் கடையில இத்தன நாளு போட்டது. பிளாஸ்டிக் இல்ல. ஆனா பாலும் இல்ல. பாமாயில்லு, மாவு. இங்கன பொடி எழுத்துல போட்டுருக்கு, நான் படிக்கல. சீஸுன்னு போர்டு எழுதி வச்சு வித்தேன். தப்பு என்னுதுதான். இன்னையிலருந்து இது என் கடையில கிடையாது."

சிரிப்பு நின்றுவிட்டது. சேனல்காரருக்குத்தான் திண்டாட்டம். தான் ஜெயித்துவிட்டதாகச் சொல்வதா, பிளாஸ்டிக் என்று சொன்னது பொய்யாகிவிட்டதே என்று விழிப்பதா? போனை இறக்கி, கம்பியை மடித்துக்கொண்டார். ஸ்டெல்லா டீச்சர் எழுந்து, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். நிஷா அவர் போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. அதே நேரம் அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. காதர் மட்டும் வந்து மேசையை மடக்கிக்கொண்டே "நல்லதுதான் சொன்ன" என்றார். அவர் வாயில் அது பெரிய சொற்பொழிவு.

அதிகம் நொந்துபோனது ஈஸ்வரியக்காதான். "எம் மாட்டுப் பால் உங்கள ஊர் சிரிக்க வச்சிருச்சே" என்று போகும்வரை புலம்பினார். நாளைக்குப் பச்சைப் பாலாகக் கொடுங்கள், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம் என்றேன். அவர் ஒரே போடாக மறுத்துவிட்டார்.

"பச்சப்பாலு எங்க வீட்டுப் படி தாண்டாது."

"சொசைட்டிக்கு ஊத்துறீங்களேக்கா?"

"அது மிஷினுக்குப் போகுது. அங்கன அவங்கெ காச்சிக்கிருவாங்கெ. தெரிஞ்ச மனுசர் வாயில வைக்கப் போறதுக்கு எப்படிப் பச்சையாத் தூக்கிக் குடுக்க? வேணும்னா நீங்க ரெண்டு பேரும் அங்கன வந்து செய்யுங்க. அடுப்பு இருக்கு, விறகு இருக்கு."

போனோம். மறுநாள் காலை, திராட்சைப் பந்தலின் நிழலில் அண்டாவை வைத்துப் பால் கறந்த சூடு ஆறுவதற்குள் வேலையை ஆரம்பித்தோம். வேடிக்கை பார்க்க மாடுகளும் அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலரும். நேரலை கிடையாது. மூடியைத் திறந்தபோது பால் வெள்ளைப் பளிங்காக நின்றது. கத்தி போட்டேன், ஓரம் சுத்தமாகப் பிளந்து தெளிந்த நீர் ஊறியது. ஈஸ்வரியக்கா "அடியாத்தீ!" என்றார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, ஜலதோஷம் என்று சமாளித்தேன்.

சுடுநீரில் போட்டுப் பிசைந்து இழுக்கும் வேலையை நிஷாவிடம் விட்டேன். பரோட்டா மாவு அடித்த கை, சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பளபளவென்று நீண்டது. பெண்கள் ஆளுக்கொரு துண்டு பிய்த்துத் தின்றார்கள். "உப்பு காணாது" என்றார்கள். எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு தின்றதும் அதிலேயே திருப்தியாகிவிட்டார்கள். புதுச்சேரியில் இதைத் துளசியிலையோடும் ஆலிவ் எண்ணெயோடும் பரிமாறுகிறேன். எலுமிச்சை ஊறுகாய் இன்னும் பொருத்தம், சந்தேகமே வேண்டாம்.

"பச்சப்பாலுதான் படி தாண்டாது. இது தாராளமாத் தாண்டட்டும்" என்று ஒரு தூக்குவாளியில் சீஸ் உருண்டைகளை வைத்து மூடிக் கொடுத்தார் ஈஸ்வரியக்கா. வாரத்துக்கு எத்தனை நாள் வருவீர்கள் என்று நிஷாவிடம் கேட்கவும் செய்தார். கம்பத்தில் பீட்சா விற்குமா என்பதே தெரியாத நிலையில், ஓடைப்பட்டியில் சீஸ் பட்டறைக்கு இடம் தயாராகிவிட்டது.

கம்பத்துக்குத் திரும்பாமல் நிஷா ராயப்பன்பட்டிக்குப் போக வேண்டும் என்றாள். திராட்சை ஏற்றிக்கொண்டு உத்தமபாளையம் போகும் குட்டியானை வண்டியில் ஏறினோம். கூடைகளுக்கு நடுவில் நான், டிரைவர் பக்கத்தில் தூக்குவாளியோடு அவள். ஒவ்வொரு பள்ளத்திலும் என் தலையில் திராட்சை உதிர்ந்தது. உத்தமபாளையத்திலிருந்து ஆட்டோ. மாதா கோயில் கோபுரம் தெரிந்ததும் நிஷா வாளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்டெல்லா டீச்சர் பள்ளி விட்டு அப்போதுதான் வந்திருந்தார். "வாங்க, உக்காருங்க" என்றார். குரலில் வரவேற்பும் இல்லை, விரட்டலும் இல்லை. நிஷா உட்காரவில்லை.

"டீச்சர், ஆர்டர் கேக்க நான் வரல. போன வருசம் உங்க மகன் பொறந்தநாளுக்கு ஒரு பெட்டி பீட்சா குடுத்தேன்ல, அதுலயும் அந்தப் பாக்கெட்டுதான் போட்டேன். நேத்துக் கூட்டத்துல பொதுவாச் சொல்லிட்டேன். உங்ககிட்டத் தனியாச் சொல்லணும்னு இருந்துச்சு. இது இன்னைக்குக் காலையில பால்ல செஞ்சது. பிள்ளைக்குக் குடுங்க. நான் கெளம்புறேன்."

வாளியை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினாள். இவ்வளவு தூரம் வந்து, கேட்க வேண்டியதைக் கேட்காமல் போகிறாளே என்று பதறினேன். அவள் செருப்பையே போட்டுவிட்டாள்.

"நில்லு" என்றார் டீச்சர்.

"நேத்து வந்ததும் வேற எடத்துல சொல்லிரலாம்னு போன் போட்டேன். உத்தமபாளையத்துல ஒரு கடை, சின்னமனூர்ல ஒண்ணு, தேனியில ஒண்ணு. எல்லாரும் அக்மார்க் பாலுன்னாக. சரி, பாக்கெட்டோட பின்பக்கத்த ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கன்னேன். ஒருத்தரும் அனுப்பல. ஒருத்தர் கோவிச்சுக்கிட்டுப் போனையே வச்சுட்டாரு."

நிஷா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எண்ணெயின்னு எல்லார் முன்னாடியும் சொன்ன வாயி, பாலுன்னு சொன்னா நான் நம்புவேன்" என்றார் டீச்சர். "உள்ள வா. எத்தன பிள்ளைக வரும்னு எழுதிக்கிருவோம்."

நிஷா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வாசலிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். டீச்சர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அழுகை நிற்க நேரமாயிற்று. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.